ஆளுக்கொரு கரை: இரு குழுக்களை ஒப்பிட்ட ஓர் இணைத்திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு மாவட்டத்தின் உயர்கல்வி நிறுவனமொன்றில் புள்ளிவிபரவியலை ஒரு பாடமாகக் கற்கும் இரண்டாம் வருட மாணவர்கள், இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சிறு ஆய்வுத் திட்டத்தைச் செய்து முடிக்க வேண்டும். ஏதேனும் இரு குழுக்களைத் தெரிந்தெடுத்து, ஓர் அளவீட்டில் அவற்றுக்கிடையே வேறுபாடு உண்டா என்பதைக் கருதுகோட் சோதனை மூலம் ஆராய்வதே பணி. தரவை மாணவர்கள் தாமே திரட்ட வேண்டும் என்பதும், இணையர் இருவருக்கும் ஒரே புள்ளிதான் வழங்கப்படும் என்பதும் விதி. இதை எழுதுபவர் அத்திட்டங்களின் இடைநிலை மதிப்பீட்டில் அமர்ந்த ஆசிரியர்களில் ஒருவர். இங்கு பேசப்படும் இணையருக்கு நேரடி வழிகாட்டியாக இருந்தவர் அல்லர். மாணவர் இருவரின் சம்மதத்துடன், அவர்களை இனங்காட்டக்கூடிய விபரங்களை நீக்கி இப்பதிவு எழுதப்படுகிறது.

இணையரில் ஒருவர் எழுவான்கரையில், அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் வசிப்பவர். மற்றவரின் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவி இவ்விரு நிலங்களையும் பிரிக்கிறது. கிழக்கே மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. சீமெந்து வளையங்கள் இறக்கிய ஆழங்குறைந்த கிணறுகள் அந்தப் படையிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. மேற்கே வயலும் குளமும் நிறைந்த நிலம். அடியில் கடினப் பாறை. அப்பாறை சிதைந்து கரையும் கனிமங்களே அங்கு நீரின் தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை உப்பாக்கியதையும், பின்னர் அவற்றை இறைத்து இறைத்துச் சுத்திகரித்ததையும் எழுவான்கரையில் இன்றும் பேசுவார்கள். உன்னிச்சைக் குளத்து நீர் குழாய் வழியே வரும் வீடுகளிலும் குளிக்க, கழுவ, மரங்களுக்கு ஊற்றக் கிணறே பயன்படுகிறது.

ஆகவே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி உள்ளூரில் பொருளுள்ள கேள்வி: வீட்டுக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு இரு கரைகளுக்கும் இடையே வேறுபடுகிறதா?

முன்மொழிவு

அளவீடாக மின்கடத்துதிறனைத் தெரிந்திருந்தனர். நீரில் கரைந்த உப்பு கூடக் கூட அது மின்னைக் கடத்தும் திறனும் கூடும், சிறு மானியொன்றை நனைத்துச் சில நொடிகளில் வாசிப்பை எடுத்துவிடலாம், செலவும் குறைவு. சூனியக் கருதுகோள், இரு கரைகளின் இடைகளும், அதாவது சராசரிகளும், சமம் என்பது. மாற்றுக் கருதுகோள் இருபக்கமானது. எந்தக் கரை கூடுதலாக இருக்கும் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லவில்லை. அது சரியான தெரிவே.

முதல் வரைபில் இரு கரைகளிலும் ஒவ்வொரு கிராமத்தையே எடுத்திருந்தார்கள். வழிகாட்டி அதை ஏற்கவில்லை. பக்கத்துப் பக்கத்து வளவுகளில் உள்ள கிணறுகள் ஒரே நிலத்தடி நீரைப் பகிர்பவை. ஒரு கிராமத்தில் 40 கிணறுகளை அளந்தாலும் கரை முழுவதையும் பற்றிய 40 தனித்தனிச் செய்திகள் கிடைத்துவிடா. சூழலியலாளர் ஸ்ருவர்ட் ஹேர்ல்பேர்ட் 1984 இல் போலி மீள்செய்கை என்று பெயரிட்டுக் கண்டித்த தவறு ஏறக்குறைய இதுதான். எனவே ஒவ்வொரு கரையிலும் பல கிராமங்களாகப் பரப்பி, வீட்டுப் பட்டியல்களிலிருந்து எழுமாற்று எண்களின்படி 40 கிணறுகள் வீதம் தெரிவது என்று திருத்தம் செய்யப்பட்டது. மாதிரியெடுப்பில் காட்டிய இந்தக் கவனத்தைப் பாராட்ட வேண்டும். பின்னால் வந்த சிக்கல் முழுவதும் வேறு வாசலால் நுழைந்தது.

வேலைப் பங்கீடு என்ற தலைப்பின் கீழ் முன்மொழிவில் ஒரே ஒரு வசனம் இருந்தது: எழுவான்கரைக் கிணறுகளை மாணவியும் படுவான்கரைக் கிணறுகளை மாணவனும் அளப்பார்கள். எவரும் அதைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை. எழுப்பாததற்குக் காரணங்களும் இருந்தன. வாவியைக் கடந்து போய் வர நேரமும் பஸ் செலவும் ஆகும். அறிமுகமற்ற கிராமங்களில் மாணவி வீடு வீடாக ஏறி இறங்குவதில் வீட்டாருக்குத் தயக்கம் இருந்தது. அவரவர் ஊரில் அவரவரை நம்பிக் கிணற்றடி வரை விடுவார்கள்.

களவேலை

மாணவி ஆய்வுகூடத்திலிருந்து இரவல் பெற்ற மின்கடத்துதிறன் மானியுடன், பெருமழைக்கு முன்னதாக ஒக்டோபர் முற்பகுதியில் தன் 40 கிணறுகளையும் அளந்து முடித்தார். அது கடத்துதிறனின் அலகான மைக்ரோசீமன்ஸில் (ஒரு சென்ரிமீற்றருக்கு) நேரடியாக வாசிப்பைத் தரும் கருவி. ஆய்வுகூடத்தில் அவ்வகைக் கருவி ஒன்றே இருந்தது. அதைத் திரும்பக் கையளித்தபோது அடுத்த வகுப்பினர் எடுத்துச் சென்றுவிட்டனர்.

மாணவன் அந்நாட்களில் குடும்பத்தின் பெரும்போக விதைப்பில் நின்றார். விதைப்பு முடிந்ததும் மழை தொடங்கி, தாழ்ந்த பாதைகளில் நீர் ஏறியது. டிசம்பர் நடுப்பகுதியில்தான் அவரால் கிணறுகளுக்குச் செல்ல முடிந்தது. ஒன்லைனில் வாங்கிய, பேனா வடிவிலான டீ.டி.எஸ். மீற்றரை அவர் பயன்படுத்தினார். அது கரைந்த திண்மங்களின் அளவைப் பி.பி.எம்., அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற அலகில் காட்டும்.

இன்னொரு வேறுபாடு களக் குறிப்புகளை ஒப்பிட்ட பிறகே தெரியவந்தது. எழுவான்கரை வீடுகளில் பெரும்பாலும் மோட்டர் பூட்டி நீரைத் தாங்கிக்கு ஏற்றுகிறார்கள் என்பதால் மாணவி குழாயில் பிடித்த நீரை அளந்திருந்தார். மாணவன் பெரும்பாலும் வாளியால் அள்ளிய நீரை அளந்திருந்தார். வெயிலில் நிற்கும் தாங்கியின் நீர் சூடானது. கடத்துதிறன் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 2 வீதம் கூடும். இரு மானிகளும் வெப்பநிலையைத் தாமே ஈடுசெய்பவை என்பதால் இதன் பாதிப்பு சிறிதாகவே இருந்திருக்கும். ஆனாலும் இதுவும் கரையோடு சேர்ந்தே மாறிய ஒன்று.

முதற் பகுப்பாய்வு

மாணவன் தன் வாசிப்புகளைக் கடத்துதிறனாக மாற்ற, ஒவ்வொன்றையும் 0.5 ஆல் வகுத்தார். இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் காரணி அது. பிறகு இரு நிரல்களும் எக்செலில் அருகருகே வைக்கப்பட்டு, வரைபுகள் வரையப்பட்டன. இரு கரைகளிலும் பரம்பல் வலப்பக்கம் நீண்ட வால் கொண்டிருந்தது. வாவி விளிம்புக்கு மிக அருகிலிருந்த இரண்டு எழுவான்கரைக் கிணறுகள் ஏனையவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றன.

அந்த இரண்டையும் பிழையான வாசிப்புகள் என்று நீக்கிவிடலாமா என்று இணையர் வழிகாட்டியிடம் கேட்டனர். அவர் மறுத்தார். ஒரு பெறுமானம் பெரியது என்பது மட்டும் அதை நீக்குவதற்குக் காரணமாகாது. கருவி பழுது, எழுத்துப் பிழை போன்ற தனியான ஆதாரம் வேண்டும். மாணவி திரும்பப் போய் அளந்தபோதும் அவை உயர்ந்தே இருந்தன. வீட்டுக்கார அம்மா ஒருவர், "மழைக்கு முந்தி இந்தக் கிணறு உப்புக் கரிக்கும் மகள், வாய்ல வைக்க ஏலாது" என்று சொன்னதாக மாணவியின் குறிப்பேட்டில் இருந்தது. திட்டம் முழுவதிலும் எழுதப்பட்ட மிகப் பெறுமதியான குறிப்பு அதுவே என்பது என் கருத்து. ஆனால் அப்போது அது கிணற்றைப் பற்றிய தகவலாக வாசிக்கப்பட்டதே தவிர, அளந்த மாதத்தைப் பற்றிய எச்சரிக்கையாக வாசிக்கப்படவில்லை.

சோதனையாக, இரு குழுக்களின் இடைகளை ஒப்பிடும் வெல்சின் டி-சோதனையைத் தெரிந்தனர். 1908 இல் டப்ளின் கின்னஸ் பியர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கொசெற், 'ஸ்ரூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த வழமையான டி-சோதனை, இரு குழுக்களின் மாறற்றிறன்களும், அதாவது பெறுமானங்கள் சிதறும் அளவுகளும், சமம் என்று எடுத்துக்கொள்ளும். புள்ளிவிபரவியலாளர் வெல்ச் 1947 இல் தந்த வடிவம் அந்த எடுகோளைக் கேட்பதில்லை. மாறற்றிறன்கள் சமமா என்று முதலில் ஒரு சோதனை செய்து, அதன் விடையைப் பொறுத்து எதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் பழக்கம் நம் வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. அதைவிட நேரே வெல்சுக்குப் போவதே மேல்.

படுவான்கரையின் இடை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதிகம் என்று வந்தது. பி-பெறுமானம், வழமையாகக் கொள்ளும் எல்லையான 0.05 க்குக் கீழே இருந்தது. சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்பட்டது. படுவான்கரைக் கிணறுகளில் உப்பு கூடுதல், பாறையின் கனிமங்களே காரணம் என்று முடிவுரையும் எழுதப்பட்டுவிட்டது.

இடைநிலை மதிப்பீட்டில் கவனித்தவை

மதிப்பீட்டுக் குழு முதலில் மூலத்தாள்களைக் கேட்டது. அச்சிட்ட அட்டவணையில் இரு நிரல்களும் ஒரே அலகில் அழகாக இருந்தன. கையால் எழுதிய தாள்களில் ஒன்று மைக்ரோசீமன்ஸ், மற்றது பி.பி.எம். மாற்றக் காரணி எங்கிருந்து வந்தது என்று கேட்கப்பட்டது. மானியோடு வந்த சிறு துண்டுத்தாளை மாணவன் அடுத்த நாள் கொண்டு வந்தார். அந்த மானி 0.7 என்ற காரணியைப் பயன்படுத்துவது அதில் இருந்தது.

டீ.டி.எஸ். மீற்றர் எதுவும் கரைந்த திண்மத்தை உண்மையில் நிறுப்பதில்லை. கடத்துதிறனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. அந்த எண் எந்த உப்பை மாதிரியாகக் கொண்டு கருவி அமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது, 0.5 உம் 0.7 உம் இரண்டுமே சந்தையில் உள்ளன. 1000 மைக்ரோசீமன்ஸ் கடத்துதிறனுள்ள நீரில் இந்த மானி 700 என்று காட்டும்; அதை 0.5 ஆல் வகுத்தால் 1400 வரும். ஆக, படுவான்கரையின் ஒவ்வொரு பெறுமானமும் 1.4 மடங்காகப் பெருகியிருந்தது.

திருத்துவது எளிதாகத் தோன்றியது. மாணவன் எல்லாவற்றையும் 0.7 ஆல் வகுத்து மீண்டும் சோதனையை ஓட்டினார். இப்போது திசை மாறியது: எழுவான்கரை அதிகம், பி-பெறுமானம் மறுபடியும் 0.05 க்குச் சற்றே கீழே. கடலோரக் கிணறு உவர்ப்பாக இருப்பது எவரும் எதிர்பார்ப்பதுதானே, இப்போது விடை பொருந்துகிறது என்று இணையர் மகிழ்ந்தனர்.

இந்த இடத்தில்தான் குழு நெடுநேரம் நின்றது. முதல் விடை ஐயத்தைத் தூண்டியதால் ஆராயப்பட்டது. இரண்டாம் விடை எதிர்பார்ப்புக்கு இசைந்ததால் ஆராயப்படாமல் போகும் நிலையில் இருந்தது. ஆனால் காரணி திருத்தப்பட்ட பின்னும் எழுவான்கரை மழைக்கு முன்னும் படுவான்கரை மழைக்குப் பின்னும் அளக்கப்பட்டவை என்பது அப்படியே இருந்தது. மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டுகிறது. ஆழங்குறைந்த கிணறுகளில் அந்த நீர் உப்பை ஐதாக்கும். மழை படுவான்கரைப் பெறுமானங்களைத் தாழ்த்தியிருக்கலாம். எவ்வளவு தாழ்த்தியது என்பதை இருந்த தரவிலிருந்து கண்டறிய வழியே இல்லை. கரை, ஆள், மானி, மாதம், நீர் எடுத்த முறை ஆகிய ஐந்தும் ஒன்றாகவே மாறியிருந்தன. ஒன்றின் விளைவை மற்றதன் விளைவிலிருந்து பிரிக்க எந்தச் சூத்திரத்தாலும் முடியாது.

பி-பெறுமானம் சொல்வது, உண்மையில் வேறுபாடே இல்லாதிருந்தால் மாதிரியெடுப்பின் தற்செயலால் மட்டும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோவான வேறுபாடு எத்தனை அரிதாக வரும் என்பதையே. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்வதில்லை. அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016 இல் வெளியிட்ட கூற்றும், கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவாக அதை வாசிக்கக் கூடாது என்றே எச்சரித்தது. மாணவர் செய்த சோதனையில் கணிதப் பிழை இல்லை. இரண்டு நிரல்கள் வேறுபட்டவை என்று அது இரு தடவையும் சரியாகவே சொன்னது.

கொசெற்றைப் பற்றி இங்கே ஒரு பக்கக் குறிப்பு. அவருடைய பெயரால் வழங்கும் சோதனையைக் கற்பிக்கும் நாம், வாற்கோதுமை வயல்களில் அவர் விரும்பி ஆதரித்த ஏற்பாட்டைக் கற்பிப்பதில்லை: இரு இனங்களையும் ஒரே வயலில் அடுத்தடுத்த கீற்றுகளாக விதைத்து, மண்ணின் வளம் ஓர் இனத்தின் பக்கம் மட்டும் சாயாதபடி பார்த்துக்கொள்வது. ஒரு வட்டையில், அதாவது ஒரு வயற்பரப்பில், ஒரு நெல்லையும் அடுத்த வட்டையில் மற்ற நெல்லையும் விதைத்துவிட்டு, எது நல்ல நெல் என்று வயற்சொந்தக்காரரான எந்தப் போடியாரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

முன்னிருந்த வழிகளும் எடுத்த முடிவும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. இருந்த தரவையே வைத்துக்கொண்டு, வரையறைகள் என்ற பகுதியில் குறைகளை எழுதிச் சமர்ப்பிப்பது முதலாவது. பல திட்டங்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் இங்கு குறை பக்கத்தில் நிற்கவில்லை, கேள்வியையே விழுங்கியிருந்தது. தலைப்பை மாற்றி வேறு தரவு தேடுவது இரண்டாவது. சமர்ப்பிப்புக்கு இருந்த காலத்தில் அது நடவாது. நல்ல மாதிரியெடுப்பும் வீணாகும். குறைந்த எண்ணிக்கையான கிணறுகளை, இரு கரைகளிலும் ஒரே நாட்களில், இருவரும் சேர்ந்து மீண்டும் அளப்பது மூன்றாவது. அதுவே தெரியப்பட்டது.

மாணவன் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. தன் மீற்றரால்தான் எல்லாம் கெட்டது என்று பெயர் வந்துவிட்டதாக அவர் மனம் நொந்திருந்தார். மாணவியோ தன் பகுதி சரியாக இருந்தும் மறுபடி அலைய வேண்டியிருப்பதை எண்ணிச் சலித்தார். வழிகாட்டி இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசினார். மாணவியின் வாசிப்புகள் மழைக்கு முந்தியவை என்பதால் அவையும் தனியே நின்று பயன்தராதவையே என்று சுட்டிக்காட்டினார். அறிக்கையில் படுவான்கரைப் பகுதியை மாணவியும் எழுவான்கரைப் பகுதியை மாணவனும் எழுத வேண்டும் என்றும் சொன்னார். இந்த ஏற்பாடு எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. ஒவ்வொருவரும் மற்றவரின் களக் குறிப்பை முதன்முறையாக வரிவரியாக வாசித்தது அப்போதுதான்.

கிணறுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பதன் விலையும் கணக்கிடப்பட்டது. மாதிரியின் பருமன் பாதியானால் நம்பிக்கை ஆயிடையின், அதாவது உண்மைப் பெறுமானம் இருக்கக்கூடிய வீச்சின், அகலம் இரண்டின் வர்க்கமூலமான ஏறத்தாழ 1.41 மடங்காகும். கூர்மை குறைந்த, ஆனால் சாயாத விடையே வேண்டும் என்று முடிவாயிற்று.

இரண்டாம் சுற்று

தொடக்கத்தில் இரு மானிகளும் ஆய்வுகூடத்தில் ஒரே நியமக் கரைசலில் நனைக்கப்பட்டன. ஓர் இலீற்றர் கரைசலில் ஏறத்தாழ 0.746 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு இருந்தால் 25 பாகை செல்சியஸில் 1413 மைக்ரோசீமன்ஸ் வரும். சந்தையில் விற்கும் அளவுத்திருத்தக் கரைசலும் இதுவே. ஆய்வுகூட மானி இந்த எண்ணுக்கு அருகில் நின்றது. பேனா மானி, 0.7 என்ற காரணியோடு பார்த்தால், ஓரளவு நெருங்கி வந்தது.

முதற் சுற்றின் கிணறுகளிலிருந்து கரைக்கு 20 கிணறுகள் எழுமாற்றாகத் தெரியப்பட்டன. ஜனவரி இறுதியில், ஒரே நாளில் காலை ஒரு கரை, பிற்பகல் மறுகரை என்றும், அடுத்த நாள் அந்த வரிசையைப் புரட்டியும் சென்றார்கள். மாணவியின் தம்பி உடன் சென்றதால் வீட்டாரின் தயக்கம் தீர்ந்தது. மண்முனைப் பாலம் இருப்பதால் வாவியைக் கடப்பதும் முன்போல் பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைக்கு) காத்திருக்கும் வேலையாக இருக்கவில்லை. ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் அள்ளிய அதே நீரில் இரு மானிகளும் நனைக்கப்பட்டன. ஒன்றுவிட்டொரு கிணற்றில் மானிகளைக் கைமாற்றிக்கொண்டனர். ஒருவர் வாசித்ததை மற்றவர் பார்க்காமல் எழுதினர்.

மானிகள் ஒத்துப்போகின்றனவா என்று காட்ட மாணவி முதலில், இரு நிரல்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை அளக்கும் இணைபுக் குணகத்தைக் கணித்தார். அது ஒன்றுக்கு மிக அருகில் வந்தது. அதை ஒத்திசைவுக்குச் சான்றாக எழுதவிருந்தபோது வழிகாட்டி நிறுத்தினார். ஒரு நிரல் முழுவதையும் 1.4 ஆல் பெருக்கினாலும் இணைபுக் குணகம் இம்மியும் மாறாது. முதற் சுற்றைக் கெடுத்த அதே பிழை இந்தச் சான்றின் கண்ணில் படவே படாது. புள்ளிவிபரவியலாளர்களான பிளாண்ட், ஓல்ற்மன் ஆகிய இருவரும் 1986 இல் வலியுறுத்தியபடி, ஒரே நீரில் இரு மானிகளும் தந்த வாசிப்புகளின் வேறுபாடுகளையே நோக்க வேண்டும். அப்படிப் பார்த்ததில், காரணியைத் திருத்திய பிறகு, ஒரு மானி மற்றதைவிட ஒழுங்காகக் கூட்டியோ குறைத்தோ காட்டும் சாய்வு மிகச் சிறிதாகவே இருந்தது. கரை ஒப்பீட்டுக்கு ஆய்வுகூட மானியின் வாசிப்புகள் மட்டுமே எடுக்கப்பட்டன.

பகுப்பாய்வுத் திட்டம் இம்முறை அளப்பதற்கு முன்பே எழுதி, திகதியிட்டு, வழிகாட்டியிடம் கொடுக்கப்பட்டிருந்தது: பெறுமானங்களின் மடக்கையை எடுப்பது, வெல்ச் சோதனையைச் செய்வது, விடையைப் பெருக்கல் இடைகளின் (மடக்கைகளின் சராசரியிலிருந்து திரும்பப் பெறும் இடைகளின்) விகிதமாகவும் 95 வீத நம்பிக்கை ஆயிடையாகவும் தருவது. மடக்கை நீண்ட வாலை ஒடுக்குவதோடு, வேறுபாட்டை எத்தனை மடங்கு என்ற வடிவில் தருகிறது. கிணற்று நீரைப் பற்றிப் பேச அதுவே இயல்பான வடிவம். காரணிப் பிழை போன்ற பெருக்கற் பிழையும் மடக்கை அளவுகோலில் எல்லாப் பெறுமானங்களிலும் ஒரே அளவான நகர்வாக, பத்தடி மடக்கையில் 0.146 ஆகத் தெளிவாகத் தெரியும்.

பெறுபேறு

விகிதத்தின் நம்பிக்கை ஆயிடை 1 ஐ உள்ளடக்கியிருந்தது. கரைகளுக்கிடையிலான வேறுபாட்டைவிட ஒரே கரைக்குள் கிணற்றுக்குக் கிணறு இருந்த வேறுபாடே வெகுவாகப் பெரிது. முதல் வரைபில் இணையர் இதை "வேறுபாடு இல்லை என நிரூபிக்கப்பட்டது" என்று எழுதினர், அது திருத்தப்பட்டது. கரைக்கு 20 கிணறுகளில், எந்தப் பக்கமும் ஐந்திலொரு பங்களவு வேறுபாடு இருக்கக்கூடிய சாத்தியத்தை அந்த ஆயிடை விலக்கவில்லை. மழைக்காலத்தின் பின், இத்தனை கிணறுகளைக் கொண்டு, வேறுபாடு கண்டறியப்படவில்லை என்பதே அவர்களால் சொல்லக்கூடியது. இறுதி அறிக்கையில் அப்படியே எழுதினர்.

அதே கிணறுகளின் முதற் சுற்று வாசிப்புகள் கையில் இருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. எழுவான்கரைக் கிணறுகள் பலவற்றில் ஒக்டோபரைவிட ஜனவரியில் பெறுமானம் குறைந்திருந்தது. படுவான்கரையில் டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே, காரணி திருத்திய பிறகு, மாற்றம் சொற்பம். திருத்திய முதற் தரவு எழுவான்கரையை உயர்த்திக் காட்டியதற்கு மழை பெரும்பங்கு வகித்திருக்கலாம் என்பதோடு இது இசைகிறது. வாவி விளிம்பிலிருந்த தூரத்தோடு எழுவான்கரைப் பெறுமானங்கள் மாறுவது போலவும் வரைபில் தோன்றியது. மாணவன் அதற்கும் உடனே ஒரு பி-பெறுமானம் கணிக்க விரும்பினார். தரவைப் பார்த்த பின் தோன்றிய கேள்வியை அதே தரவால் சோதிப்பது தகாது என்பதால், அது அறிக்கையின் இறுதியில் அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக மட்டும் இடப்பட்டது. உண்மையில் அது முதற் கேள்வியைவிடச் சிறந்த கேள்வி.

கண்டறியப்பட்ட வேறுபாடு ஏதுமில்லாத அறிக்கைக்குப் புள்ளி குறையுமோ என்று இருவரும் அஞ்சினர். மதிப்பீட்டுத் திட்டத்தில் விடையின் திசைக்கோ பி-பெறுமானத்துக்கோ புள்ளி இல்லை என்பது அவர்களுக்கு எழுத்தில் காட்டப்பட்டது. அறிக்கை நல்ல தரத்தில் சித்தியடைந்தது.

பின்னர் மாற்றப்பட்டவை

முன்மொழிவுப் படிவத்தில் வேலைப் பங்கீடு என்ற ஒற்றை வரி எடுக்கப்பட்டு, குழுவோடு சேர்ந்து மாறும் வேறு எவை உண்டு என்ற கேள்வி சேர்க்கப்பட்டது. ஆள், கருவி, நாள், நேரம், மாதிரி எடுத்த முறை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே மாணவர் விடை எழுத வேண்டும். வேலையைப் பிரிப்பது தடைசெய்யப்படவில்லை. ஒவ்வொருவரும் இரு குழுக்களிலும் பாதிப் பாதியை எடுக்கும்படி பிரித்தால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இரு குழுக்களிலும் ஒரே அளவில் கலந்துவிடும். தேவையானால் அதைத் தனியே மதிப்பிடவும் முடியும். முழுக் களவேலைக்கு முன் சில அலகுகளை இருவரும் சேர்ந்து அளந்து, மூலத்தாள்களை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 0.5, 0.7 காரணிக் குழப்பம் அந்தக் கட்டத்திலேயே, முதற் கிணற்றடியிலேயே பிடிபட்டிருக்கும்.

அடுத்த அணியில் ஒரு சோடி, வீசி விதைத்த வயலுக்கும் பரசூட் முறையில், அதாவது தட்டுகளில் வளர்த்த நாற்றுகளை எறிந்து, நட்ட வயலுக்கும் இடையே கதிருக்குரிய மணிகளின் எண்ணிக்கையை ஒப்பிட முன்வந்தது. பதர் எது, நிறைமணி எது என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் வேலை அது. ஆளுக்கு ஆள் கட்டாயம் வேறுபடும். படிவத்தை நிரப்பியபோது அவர்களே அதை உணர்ந்து, இரு வகைக் கதிர்களையும் எண்ணிட்ட பைகளில் கலந்து, எது எந்த வயலினது என்று அறியாமல் எண்ணும் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இரு குழுக்களுக்கும் இருவரும் செல்வதென்றால் போக்குவரத்துச் செலவு கூடுகிறது. அதை ஏற்க இயலாத மாணவர்கள் வகுப்பறைக்குள்ளேயே முடியும் தலைப்புகளின் பக்கம் ஒதுங்குகிறார்கள். களத் தலைப்புகளை எடுப்போருக்குச் சிறு தொகை வழங்க வேண்டும் என்ற கோரிக்கை துறைக் கூட்டத்தில் வைக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் ஒரே வகையான இரண்டாவது மானி வாங்குவது மட்டும் இதுவரை ஏற்கப்பட்டுள்ளது.